நட்சத்திரங்களை நேரில் பார்க்க ஆசைப்படும் மதுரைக்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1996 முதல் நான் ஒரு கையடக்க நோட்டு வைத்திருக்கிறேன். திரையிலும் மேடையிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தவர்களை நேரில் பார்க்கக் கிடைத்த நாள், இடம், அன்று கண்ணில் பட்ட ஏதோ ஒரு சின்ன விவரம் ஆகியவற்றை அதில் எழுதுவது வழக்கம். கையெழுத்துக் கிடைத்தால் அதுவும் அதிலேதான். இன்றுவரை 38 பதிவுகள் இருக்கின்றன. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்திலும், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் இதைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேயாக இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படி இத்தனை பேரைப் பார்க்கக் கிடைக்கிறது? உள்ளே யாராவது ஆள் வைத்திருக்கிறீர்களா?

ஆள் யாரும் இல்லை. 38 பதிவுகளை ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால், ஆண்டுக்கு ஒன்றும் சில்லறையும்தான் தேறும். சென்னையில் வடபழனிப் பக்கம் தேநீர்க் கடை வைத்திருப்பவர் இதை ஒரு மாதத்தில் தாண்டிவிடுவார்.

இருந்தாலும் மதுரைக்கு ஒரு வசதி உண்டு. கொடைக்கானலுக்கும் தேனிப் பக்கமும் படப்பிடிப்புக்குப் போகிறவர்கள், செட்டிநாட்டு வீடுகளில் படம் எடுக்கக் காரைக்குடிக்குப் போகிறவர்கள், இராமேசுவரத்துக்குத் தரிசனத்துக்குப் போகிறவர்கள் எனப் பலரும் மதுரையில் விமானம் விட்டு இறங்கித்தான் மேலே போகிறார்கள். இறங்கியவர்களில் பாதிப் பேராவது மீனாட்சியைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. நாம் தேடிப் போக வேண்டியதில்லை. நம் ஊர் வழியாகத்தான் அவர்கள் போகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டு, கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

மதுரையில் எந்த இடத்தில் நின்றால் நடிகர்களைக் கட்டாயம் பார்க்கலாம்?

கட்டாயம் என்று சொல்லத்தக்க இடம் ஒன்றே ஒன்றுதான்: கடை திறப்பு விழா. நகைக் கடையோ ஜவுளிக் கடையோ கைப்பேசிக் கடையோ திறக்கப்போகிறது என்றால், யார் வந்து திறக்கிறார் என்பது ஒரு வாரத்துக்கு முன்பே ஊர்ச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும். என் 38 பதிவுகளில் 11 பதிவுகள் இந்த வகைதான். சுவரொட்டியில் காலை 10.30 என்று போட்டிருந்தால் நண்பகல் 12 மணிக்கு மேல்தான் வண்டி வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு நேர் எதிரே, தடுப்புக் கட்டைகளை ஒட்டி நிற்க வேண்டாம். அங்கே நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவரின் தூக்கிய கையும் அந்தக் கையில் உள்ள கைப்பேசியும்தான். எதிர்ச்சாரியில் இரண்டு படி உயரமுள்ள ஒரு திண்ணையைப் பிடித்து நில்லுங்கள். குத்துவிளக்கு ஏற்றிவிட்டு வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கும் அந்த இரண்டு நிமிடம் உங்களுக்கு முழுதாகக் கிடைக்கும். தெற்காவணி மூல வீதியில் ஒரு திறப்பு விழாவில் முண்டியடித்து முன்னால் போனதில் என் இடது கால் செருப்பு போனது. இதை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

மற்ற இடங்களான கோயில், விமான நிலையம், படப்பிடிப்புத் தளம் எல்லாம் குருட்டு அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகக் கீழே சொல்கிறேன்.

விமான நிலையத்தில் காத்திருக்கலாமா?

யாரையாவது வழியனுப்பவோ அழைத்து வரவோ போகும்போது பார்க்கக் கிடைத்தால் மகிழ்ச்சி. அதற்கென்றே போய் நிற்பது வீண். வெளியே வரும் கதவுக்கும் காருக்கும் இடையே அவர்கள் நடப்பது இருபது அடி. அந்த இருபது அடியிலும் கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம், தொப்பி மூன்றும் இருக்கும்.

கோயிலில் ஒரு நடிகையைப் பார்த்தேன், ஆனால் கையில் செல்போன் இல்லை. வீட்டில் யாருமே நம்பவில்லை. என்ன செய்வது?

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018-லிருந்து கைப்பேசி கொண்டு போக அனுமதி இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததை அடுத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட தடை அது. என்னைக் கேட்டால், ரசிகர்களுக்கு அந்தத் தடையால் நன்மைதான் நேர்ந்திருக்கிறது. நடிகர்கள் அங்கே தோளைத் தளர்த்திக்கொண்டு நடக்கிறார்கள். பார்க்கிறவர்களும் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஒரு மார்கழிக் காலையில் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முக்காடு போட்டபடி ஓர் அம்மாளும் மகளும் வந்து அமர்ந்தார்கள். மகளின் உள்ளங்கையில் தாழம்பூக் குங்குமம் குவியலாக இருந்தது. சிந்தாமல் அதை மடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல், "அக்கா, ஒரு துண்டுப் பேப்பர் இருக்குமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டபோதுதான் முகம் தெரிந்தது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த முகம் வராத ஞாயிற்றுக்கிழமை அப்போது இல்லை. பையில் இருந்தது கையெழுத்து வாங்க வைத்திருக்கும் இந்த நோட்டு மட்டும்தான். ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். குங்குமத்தைக் கொட்டி, நான்காக மடித்து, ஓரத்தை நகத்தால் அழுத்தி, அம்மாவின் பைக்குள் வைத்தார். கையில் மிச்சம் ஒட்டியிருந்ததை என் நெற்றிக்கு நீட்டினார், வைத்துக்கொண்டேன். பெயர் சொல்லி அழைக்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. அவர்கள் எழுந்து போனபின் நோட்டைப் பார்த்தால், கிழித்த தாளின் பல்வரிசை போன்ற ஓரம் மட்டும் தையலோடு நின்றது. இப்போதும் நிற்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: வீட்டில் நம்பாவிட்டால் போகட்டும். அவர் என்ன நிறச் சேலை கட்டியிருந்தார், எந்தச் சன்னதியில் எவ்வளவு நேரம் நின்றார் என்று அன்றிரவே எழுதி வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து எடுத்துப் படிக்கும்போது, மங்கலாக விழுந்த புகைப்படத்தைவிட அது உதவும்.

செல்ஃபி கேட்டால் கோபப்படுவார்களா? எப்படிக் கேட்க வேண்டும்?

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. அவர் வேலைக்காக வந்திருக்கிறாரா, சொந்த வேலையாக வந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கடை திறப்பு, பட விளம்பரம், கல்லூரி விழா, மேடை ஆகியவை வேலை, அங்கே கேட்கலாம். கோயில், மருத்துவமனை, துக்க வீடு, குழந்தையோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உணவகம் ஆகியவை சொந்த நேரம். அங்கே கேட்கக் கூடாது. கறி தோசையில் பாதியைப் பிய்த்து வாயில் வைத்திருக்கும் மனிதரின் தோளில் கை போடுவதற்கு, அவர் நடித்த படத்துக்கு நாம் கொடுத்த 120 ரூபாய் உரிமை தருவதில்லை.

கேட்பது என்று முடிவு செய்தால், கேமராவை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு, ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். "இல்லை" என்றால் "நன்றி" என்று சொல்லிவிட்டு நகருங்கள். தொடாதீர்கள். கேட்காமலே பின்னால் போய் நின்று எடுப்பதும், அவர் உறங்கும்போது இரயிலில் எடுப்பதும் ரசிகர் செய்யும் காரியம் அல்ல. வீட்டில் இருக்கும் அத்தைக்கு வீடியோ அழைப்புப் போட்டு "ஒரு வணக்கம் சொல்லுங்கள்" என்று கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டுவது இப்போது பரவியிருக்கும் புதிய நோய்.

ஆட்டோகிராப் எல்லாம் இன்னும் யாராவது வாங்குகிறார்களா?

வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனாலேயே கேட்டால் கிடைக்கிறது. நாற்பது பேர் கைப்பேசியை நீட்டும் இடத்தில் ஒருவர் மட்டும் நோட்டை நீட்டினால், நட்சத்திரத்தின் கண் அங்கேதான் முதலில் போகும். இதை ஐந்தாறு முறை பார்த்திருக்கிறேன். வயதான நடிகர்கள் சிலர் நோட்டைப் பார்த்ததும் பெயர் கேட்டு, "அன்புடன்" என்று எழுதி, தேதியும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டுங்கள். வழவழப்பான புகைப்படத்தில் சாதாரணப் பந்துமுனைப் பேனா வழுக்கும். அதற்கு அழியாத மையுள்ள மார்க்கர் வேண்டும். கையெழுத்துப் போட்டவுடன் மூடாமல் அரை நிமிடம் ஊதிக் காய வையுங்கள். என் முதல் கையெழுத்து, சித்திரை மாத வெயிலில் என் உள்ளங்கை வியர்வையில் கரைந்து, இப்போது ஒரு நீலப் பூச்சியைப் போல இருக்கிறது. கீழே யாருடையது என்று நானே எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எப்படி எடுப்பது? காலை 4 மணிக் காட்சி மதுரையில் உண்டா?

இல்லை, தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு திரையரங்க வாசலில் நடந்த கொண்டாட்டத்தில், லாரியில் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து இறந்தார். அதன்பின் அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு அனுமதி தருவதை நிறுத்திவிட்டது. பெரிய படங்களுக்குச் சிறப்புக் காட்சி அனுமதி கிடைத்தாலும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. விடியுமுன் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் வேன் பிடித்துக் கேரளத்துக்குப் போகிறார்கள். தூக்கம் கெட்டு மலைப்பாதையில் போய் வருவதற்கு அந்த ஐந்து மணி நேர முந்துதல் ஈடாகுமா என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் காட்சியின் இருக்கைகளில் பெரும்பகுதி ரசிகர் மன்றத்துக்காரர்கள் கைக்குப் போய்விடும்; அவர்களைத் தெரிந்தால் டோக்கன் கிடைக்கும், விலையும் கூடத்தான் இருக்கும். இணையத்தில் முயல்வதானால், முன்பதிவு திறந்த முதல் சில நிமிடங்களில் கையில் பணத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பெரிய படங்களை இரண்டு முறை பார்க்கிறேன். முதல் காட்சியில் விசில், கிழித்தெறியும் காகிதம், திரைக்கு முன்னால் ஆட்டம். வசனம் ஒன்றும் காதில் விழாது. வசனத்துக்காகத் திங்கட்கிழமை மதியக் காட்சிக்குப் போவேன். அரங்கில் முப்பது பேர் இருப்போம். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியது என்று அப்பா அடிக்கடி சொல்வார். உண்மையா, மதுரைப் பெருமையா?

இரண்டும் கலந்தது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த அந்த அரங்கில் 2,563 இருக்கைகள்; அந்நாளில் ஆசியாவிலேயே பெரியது என்று அழைக்கப்பட்டது. 1952 தீபாவளியன்று, சிவாஜி கணேசனின் முதல் படமான ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்டது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு அங்கே போயிருக்கிறேன். படம் எதுவென்று நினைவில்லை. இடைவேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தபோது மர இருக்கைகள் மடங்கிய சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. மழை பிடித்தது போல இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக் கடை; தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அப்பா, "இந்த இடத்தில்தான் திரை இருந்தது" என்று ஏதாவது ஒரு சுவரைக் காட்டுவார். ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு சுவர்.

யாரும் ஊருக்கு வராத வாரங்களில் இப்படிப்பட்ட இடங்களைச் சுற்றுவதும் ஒரு பொழுதுபோக்கு. 1937-ல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து ஓடிய ‘சிந்தாமணி’யின் இலாபத்தில் எழுந்து, அந்தப் படத்தின் பெயரையே தாங்கி நின்ற திரையரங்கு இந்த ஊரில்தான் இருந்தது. இரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் வாசகசாலை, மாலையானால் ரீகல் டாக்கீஸ் என்று ஆங்கிலப் படம் ஓடியது. மேல அனுமந்தராயன் கோயில் தெருவுக்குப் போனால், எம்.எஸ். சுப்புலட்சுமி சிறுமியாக வளர்ந்த வீட்டின் முகப்பில் வீணை வடிவத்தைப் பார்க்கலாம். இதற்கெல்லாம் கூட்டமும் இல்லை, கட்டணமும் இல்லை.

படப்பிடிப்பு நடப்பது தெரிந்தால் போய்ப் பார்க்கலாமா? விரட்டிவிடுவார்களா?

பொதுத் தெருவிலோ குளக்கரையிலோ நடந்தால், கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. கீழக்குயில்குடித் தாமரைக் குளம், வண்டியூர்த் தெப்பக்குளம், யானைமலை அடிவாரம் போன்ற இடங்களில் அப்படிப் பார்த்திருக்கிறேன். திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களை மணிரத்னத்தின் ‘பம்பாய்’ பாடல் காட்சியில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அங்கே படப்பிடிப்பு நடந்தால் உள்ளே விடுவது அவர்கள் விருப்பம்.

போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: படப்பிடிப்பைப் போலச் சலிப்பூட்டும் காட்சி வேறில்லை. ஒருவர் கதவைத் திறந்து வெளியே வருவதை ஒரு முற்பகல் முழுக்க எடுத்தார்கள். நடிகர் குடைக்குள் உட்கார்ந்திருக்க, விளக்குப் பிடிக்கும் பையன்கள்தான் வெயிலில் நின்றார்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பின் நான் பார்த்துக்கொண்டிருந்தது நடிகரை அல்ல, தேநீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கம்பிகளுக்கு இடையே ஒரு சொட்டும் சிந்தாமல் ஓடிய புரொடக்‌ஷன் பையனைத்தான். அவரும் என் 38-ல் ஒரு பதிவு.

இசை நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போவது தகுமா?

பாடகரை நீங்கள் எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்பதைவிட, மைதானத்துக்கு எத்தனை வாசல் என்பதைப் பொறுத்தது அது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சிக்கு உரிய டிக்கெட்டோடு போன பலர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பியது நினைவிருக்கும். டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று பின்னர் அவரே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆகவே டிக்கெட்டை நிகழ்ச்சி முடிந்தபின்னும் அழித்துவிடாதீர்கள்.

மதுரையில் பெரிய நிகழ்ச்சிகள் சுற்றுச்சாலைப் பக்கத்துத் திறந்தவெளிகளில் நடக்கின்றன. போவது எளிது, இரவு 11 மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது ஆட்டோ கேட்கும் கூலி டிக்கெட் விலையை எட்டிப் பிடிக்கும். போகும்போதே திரும்பும் வண்டிக்குப் பேசிவிடுங்கள், அல்லது மாட்டுத்தாவணிக்கு எப்படியாவது வந்து சேருங்கள். அங்கே இரவு முழுக்கப் பேருந்து உண்டு. மேடைக்கு அருகில் உள்ள விலை கூடிய பகுதியில் பாடகரின் முகம் தெரியும், ஆனால் ஒலிபெருக்கியின் அதிர்வில் பாட்டு தெரியாது. நடுப்பகுதியில், ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் பாட்டு நன்றாகக் கேட்கும்.

சினிமாக்காரர்கள் மட்டும்தான் உங்கள் நோட்டில் இருக்கிறார்களா?

இல்லை. 2025 அக்டோபர் 9 அன்று சிந்தாமணிப் பகுதியில் கிரிக்கெட் மைதானத்தைத் திறக்க தோனி வந்தபோது சாலையோரம் நின்றவர்களில் நானும் ஒருத்தி. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று நடக்கும் சல்லிக்கட்டுகளுக்கும் நட்சத்திரங்கள் வருவதுண்டு. வாடிவாசல் திறந்தபின் அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வேறு. பட்டிமன்றங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சாலமன் பாப்பையா நம் அமெரிக்கன் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பெரும்பாலும் கட்டணமில்லாத இந்த மேடைகளில், முடிந்தபின் பேச்சாளர்கள் கீழே இறங்கி நிற்பார்கள். முன்னால் போய் வணக்கம் சொன்னால் ஊரைக் கேட்டுப் பேசுவார்கள்.

ஆனால் நான் முதன்முதலில் நட்சத்திரம் என்று வியந்து பார்த்தது ஸ்பெஷல் நாடக நடிகர்களைத்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிய ஊர் இது. இன்றும் சுற்றுவட்டாரத் திருவிழாக்களுக்கு நாடகக்காரர்களைப் பேசி அமர்த்த மதுரைக்குத்தான் வருகிறார்கள். ராஜபார்ட் ஒருவர், ஸ்திரீபார்ட் ஒருவர், பபூன் ஒருவர், ஆர்மோனியம் ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி, ஒவ்வொருவர் படத்தையும் போட்டு நோட்டீஸ் அடிப்பார்கள். ஒத்திகை கிடையாது, இரவு 10 மணிக்கு மேடையேறி விடிய விடிய நடத்துவார்கள். மேலூர்ப் பக்கத்தில் அம்மா பிறந்த ஊரில் பங்குனித் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடும்போது, நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்காக ஆச்சி எங்களைத் தட்டி எழுப்பி உட்கார வைப்பார். விடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்ப்பேன். மரப்பெட்டிமேல் சாய்த்து வைத்த சிறு கண்ணாடியின் முன் வள்ளி உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு முகத்து ரோஸ் பவுடரைத் துடைத்துக்கொண்டிருப்பார். பாதி முகம் வள்ளியாகவும் பாதி முகம் களைத்த ஒரு பெண்ணாகவும் இருக்கும். ஆச்சி கொண்டுபோய்க் கொடுக்கும் இட்லியை வாங்கி, அடுத்த ஊர் வேன் கிளம்புமுன் நின்றுகொண்டே சாப்பிடுவார். தை முதல் ஆடிவரை இரவெல்லாம் இப்படித்தான் அவர்களுக்கு. நட்சத்திரத்தைப் பக்கத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த ஆண்டு ஒரு நாடக நோட்டீஸைத் தேடிப் பாருங்கள்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பட்டிமன்றத்துக்கும் நாடகத்துக்கும் தாராளமாக. கடை திறப்புக்கும், நட்சத்திரம் நேரில் வரும் சிறப்புக் காட்சிக்கும், கட்சிக் கூட்டத்துக்கும் வேண்டாம். 2024 டிசம்பர் 4 அன்று ஐதராபாத்தில் ஒரு திரையரங்குக்கு நடிகர் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் இறந்தார். கூட வந்த மகன் படுகாயமடைந்தான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜயின் கட்சிக் கூட்டத்து நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

தனியாகப் போகும் பெரியவர்களும் கவனிக்க வேண்டியது: உங்கள் கையை மார்புக்கு முன்னால் மடக்க முடியாத அளவுக்குக் கூட்டம் நெருக்கினால், நட்சத்திரம் பத்தடி தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். கூட்டத்தை எதிர்த்து நேராக வராமல், பக்கவாட்டில் சாய்வாக விலகி வெளியேறுங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். என் செருப்பை நான் எடுக்கவில்லை.

மன்றத்தில் சேர்ந்தால் நடிகரைச் சந்திக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்களே, சேரலாமா?

வாய்ப்பு அதிகம்தான், செலவும் அதிகம். சுவரொட்டிக்கும் அன்னதானத்துக்கும் இரத்ததான முகாமுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் உறுப்பினர்களே கைக்காசு போட வேண்டும். நல்ல காரியம் பல நடக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் மதுரையில் மன்றத்தின் வாசல் எங்கே முடிகிறது, கட்சியின் வாசல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். 1958-ல் ‘நாடோடி மன்னன்’ வெற்றி விழாவில் எம்.ஜி.ஆருக்குத் தங்கவாள் கொடுத்த ஊர் இது. 1980-ல் மதுரை மேற்கில் நின்று வென்றவரும் அவர்தான். விஜயகாந்த் 2005-ல் கட்சி தொடங்கியதும், கமல்ஹாசன் 2018-ல் தொடங்கியதும் இங்கேதான். விஜய் தம் கட்சியின் இரண்டாம் மாநில மாநாட்டை 2025 ஆகஸ்டில் பாரபத்தியில் நடத்தினார். ஆகையால் சேரும்போது நீங்கள் ஒரு நடிகரின் நடிப்புக்காகச் சேர்கிறீர்களா, நாளை அவர் கேட்கும் வாக்குக்கும் சேர்த்தே சம்மதிக்கிறீர்களா என்று யோசித்துவிட்டுச் சேருங்கள். நான் எந்த மன்றத்திலும் இல்லை. எதிரெதிரான இரண்டு நடிகர்களின் படத்தையும் ஒரே வாரத்தில் பார்த்துக் கைதட்டும் சுதந்திரம் எனக்கு வேண்டியிருக்கிறது.

5,000 ரூபாய் கட்டினால் நடிகரோடு பத்து நிமிடம் பேச வைப்பதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். நம்பலாமா?

கூடாது. என் சித்தி மகன் ஒருவனும் இப்படிக் கட்டினான். ஒரு விடுதியின் வரவேற்பறையில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்துவிட்டு, அங்கே விற்ற காப்பிக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தான். படத்தில் நடிக்க வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

ஆசையாகப் போய்ப் பேசினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் அவர் படத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. நான் செய்வது தவறா?

தவறில்லை, ஆனால் அவசரம். எனக்கும் நேர்ந்திருக்கிறது. நான் சிறு வயதிலிருந்து வசனத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்திருந்த ஒரு நகைச்சுவை நடிகரை ஒரு விடுதி வாசலில் பார்த்தேன். வணக்கம் சொன்னேன், அவர் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தபடி நடந்து போனார். இரண்டு ஆண்டுகள் அவர் காட்சி வந்தாலே அலைவரிசையை மாற்றினேன். பின்னர்தான் அந்த வாரத்தில் அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தது எனத் தெரியவந்தது. மேலே செல்ஃபி பற்றிய பதிலில் சொன்ன அளவுகோலை நான் வகுத்துக்கொண்டதே அதற்குப் பின்தான்.

சில பேர் உண்மையிலேயே அகந்தை பிடித்தவர்களாகவும் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. பாதுகாவலரை விட்டு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைத் தள்ளச் சொன்னவரைக் கண்ணால் கண்டேன். அவர் படத்தை இன்னும் நான் காசு கொடுத்துப் பார்ப்பதில்லை.

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

என் வீட்டுக்காரர் கேட்டபோது, அவர் ஒரு கிரிக்கெட் போட்டிக்காகச் சேப்பாக்கம்வரை போய் வந்த கணக்கை எடுத்து நீட்டினேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நீங்கள் பார்த்தவர்களின் பெயரை மட்டும் ஏன் சொல்வதே இல்லை?

மேடையில் பார்த்தவர்களைச் சொல்கிறேன். தோனி வந்ததைச் சொன்னேன். அது ஊரறிந்த நிகழ்ச்சி. சொந்த நேரத்தில் பார்த்தவர்களைச் சொல்வதில்லை. குங்குமம் மடித்தவரின் பெயரைக் கேட்டு என் அலுவலகத்தில் பந்தயமே நடந்தது. சொன்னால் அடுத்த மார்கழியில் அந்தப் படியில் இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆசைப்பட்டும் கடைசிவரை பார்க்க முடியாமல் போனவர் யாராவது உண்டா?

உண்டு. டி.எம். சௌந்தரராஜன். மதுரையில் பிறந்தவர், எங்கள் வீட்டில் காலையில் வானொலியைத் திருப்பினால் முதலில் கேட்கும் குரல் அவருடையது. அவர் ஊருக்கு வந்த நாள்களிலெல்லாம் எனக்குத் தேர்வோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ, கணக்கு முடிக்கும் மாதக் கடைசியோ வந்து சேர்ந்தது. 2013 மே மாதம் அவர் காலமானார். அவருக்கென்று நோட்டில் ஒரு பக்கத்தை முன்பே ஒதுக்கி, மேலே பெயரையும் எழுதி வைத்திருந்தேன்.

2023-ல் முனிச்சாலையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அலுவலகம் போகும்போது சில நாள் அந்த வழியாகப் போவேன். சிலையைப் பார்த்ததை அந்தப் பக்கத்தில் எழுதிவிடலாமே என்று என் மகள் சொன்னாள். இன்னும் எழுதவில்லை.